ஹாஸ்டல் அலமாரிக்குப் போக வேண்டிய புத்தகங்கள்

உடம்பைப் பற்றித் தமிழ் உரைநடையில் கடந்த இருபது ஆண்டுகளில் ஒளிவுமறைவில்லாமல் எழுதியவர்களைக் கணக்கெடுத்தால் முன்வரிசையில் திருநங்கைகள் இருப்பார்கள். கவிதையில் அந்த வேலையைப் பெண் கவிஞர்கள் தொடங்கிவைத்தார்கள். அதற்காக வசவும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். வீடு, பள்ளிக்கூடம், தெரு, போலீஸ் ஸ்டேஷன் என்று ஒவ்வொரு இடத்திலும் தன் உடம்புக்கு என்ன நடந்தது என்பதைச் சொந்த வாழ்க்கையை முன்வைத்தே எழுதியவர்கள் திருநங்கை எழுத்தாளர்கள். 2004இல் அ. ரேவதி பல திருநங்கைகளின் வாழ்க்கையைக் கேட்டுத் தொகுத்த 'உணர்வும் உருவமும்' வந்தது. 2007இல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், சரவணன் வித்யா'. அதே காலகட்டத்தில் பிரியா பாபுவின் சமூக வரைவியல் நூலும் 'மூன்றாம் பாலின் முகம்' நாவலும். 2011இல் ரேவதியின் தன்வரலாறான 'வெள்ளை மொழி'. பிறகு கல்கி சுப்ரமணியத்தின் 'குறி அறுத்தேன்' கவிதைகள். இவற்றை இன்று அதிகம் புரட்டுவது எம்.ஏ., பி.எச்டி. மாணவர்கள்தான் என்று தோன்றுகிறது. ரேவதியின் தன்வரலாறே வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010இல் ஆங்கில வாசகர் கைக்குப் போய்விட்டு, அடுத்த ஆண்டுதான் தமிழ் வாசகரிடம் வந்தது. 2019இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக நூலக முகப்பில் தொங்கவிடப்பட்ட பதாகையில் மாயா ஆஞ்சலு, டோனி மாரிசன் பெயர்களோடு ரேவதியின் பெயரும் இருந்தது. நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த ஒருவருக்கு இது பெரிய கௌரவம். ஆனால், காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏதோ ஒரு ஹாஸ்டலில் தங்கி ஷிஃப்டுக்குப் போய்வரும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அந்தப் பெயர் தெரியுமா?

அந்தப் பெண்ணை ஏன் இழுக்கிறேன் என்றால், உடம்பு பற்றிய பேச்சு அவசரமாகத் தேவைப்படும் இடங்களில் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பேட்டைப் பகுதி ஒன்று. 1996இல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்ததிலிருந்து இந்தப் பகுதியின் கதை நமக்குத் தெரிந்ததே. நோக்கியா வந்து போனது, ஒரகடத்தில் ரெனோ-நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு வந்தன, சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கானும் சாம்சங்கும் நிலைகொண்டன. முதலீடு எத்தனை கோடி, ஏற்றுமதி எத்தனை டாலர் என்பதைப் பற்றி நாள்தோறும் செய்தி வருகிறது. இந்த வேலையின் மூலப்பொருளே இளம் உடம்புதான் என்பதை யாரும் தலைப்பாகப் போடுவதில்லை. ஐடிஐ முடித்தவர்கள், டிப்ளமோ படித்தவர்கள், பிளஸ் டூவோடு நின்றவர்கள் என்று விழுப்புரம், திருவண்ணாமலையிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும், இப்போது ஒடிசா, பீகாரிலிருந்தும் பதினெட்டு தாண்டிய கையோடு வந்து சேர்கிறார்கள். பெண்கள் மட்டும் தங்குவதற்கென்றே வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பேருக்கான குடியிருப்பை 2024 ஆகஸ்டில் தமிழக அரசு திறந்தது. ஒரு தாலுகா தலைநகரின் மக்கள்தொகை அளவுக்கு இளம்பெண்கள் ஒரே வளாகத்தில்.

இவர்களுடைய நாள் உடம்பைக் கணக்கெடுப்பதில் தொடங்குகிறது. மெடிக்கல் டெஸ்ட் முடித்துத்தான் வேலை. கேட்டில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. ஆண் செக்யூரிட்டி ஆண்களைத் தடவிப் பார்ப்பார், திரைக்குப் பின்னால் பெண் செக்யூரிட்டி பெண்களைப் பார்ப்பார். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி என்றால் முடியைத் தொப்பிக்குள் திணித்து, கோட்டு மாட்டி, லைனில் நிற்க வேண்டும். பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தது கூலிக்காக அல்ல. ஹாஸ்டல் சாப்பாடு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததற்காக. 2024 ஜூனில் அதே ஆலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி போட்டது, நிறுவனம் மறுத்தது, மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. எது உண்மை என்பது ஒருபுறம் இருக்கட்டும். தாலி கட்டிய உடம்பா, பிள்ளை பெறும் உடம்பா, எத்தனை மணி நேரம் நிற்கும் உடம்பா என்ற கேள்விகள் இங்கே நாட்டின் தொழில் கொள்கைக் கேள்விகளாகவே ஆகிவிட்டன. அந்த உடம்புக்குச் சொந்தக்காரர்களோடு அதைப் பற்றிப் பேசுவது மட்டும் யார் வேலையும் இல்லை. பாதுகாப்பு வகுப்பில் ஹெல்மெட்டையும் ஷூவையும் பற்றிச் சொல்வார்கள். மிச்சத்தையெல்லாம் செல்போன் சொல்லிக்கொடுக்கிறது.

இந்த இடத்தில்தான் திருநங்கை எழுத்தாளர்களின் புத்தகங்கள் உதவும் என்கிறேன். அவை யாரோ சிலரின் விசித்திரக் கதைகள் என்ற எண்ணம் வாசிக்காதவர்களிடம் இருக்கிறது. வாசித்தவர்களுக்குத் தெரியும், அவற்றில் அறுவை சிகிச்சைக்கு உள்ள இடத்தைவிடப் பல மடங்கு இடம் அன்றாடத்துக்கு உண்டு. வித்யா தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் முதுகலை படித்தவர். புனேக்குப் போய் ரயிலில் கைதட்டிக் காசு கேட்டதையும், திருநங்கைகள் கூடி வாழும் ஜமாத்தில் நிர்வாணம் என்று சொல்லப்படும் அறுவையின் வலியையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் புத்தகத்தை மூடிய பிறகு கூடவே வருவது வேறு: எம்.ஏ. சான்றிதழ் கையில் இருந்தும் வேலை கேட்டு அலைந்த அலைச்சல், சான்றிதழில் ஒரு பெயரும் ஆளுக்கு ஒரு பெயருமாக இருந்ததால் வந்த வினை, மதுரையில் ஒரு நிதி நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்தபோது கிடைத்த நிம்மதி. ரேவதியின் புத்தகத்தில் பள்ளிக்கூடத்துக் கேலி, வீட்டுக்குத் திரும்பியபோது விழுந்த அடி, ஆசையாக வளர்த்த முடி போனது, சொத்தில் பங்கு பற்றிய தகராறு எல்லாம் இருக்கின்றன. முடி, குரல், நடை, உடுப்பு, உட்காரும் பெஞ்சு, நிற்கும் வரிசை என்று உடம்பு ஊரோடு உரசும் இடங்களாகப் பார்த்து அவர்கள் எழுதியிருக்கிறார்கள். கறுப்பு நிறத்துக்காக க்ரீம் தேடும் பெண்ணும், மீசை முளைக்காததற்காக ரூம்மேட்டுகளிடம் கேலிப்படும் பையனும், உயரத்துக்காக இன்டர்வ்யூவில் திருப்பி அனுப்பப்பட்டவரும் இந்தப் பக்கங்களில் தங்களைக் கண்டுகொள்ள முடியும். உடம்பு நம்முடையது, ஆனால் அதற்குப் பேர் வைப்பதும் விலை வைப்பதும் ஊர் என்ற சங்கடம் எல்லோருக்கும் பொது. திருநங்கைகளுக்கு அது உயிர்போகும் அளவுக்கு வந்ததால், அவர்கள் அதைக் கூர்மையாகப் பார்க்கப் பழகிக்கொண்டார்கள்.

இப்படிச் சொல்லும்போது பாலின மாறுபாடு உள்ள பிள்ளைகளின் தனித் துயரத்தைப் பொதுத் துயரத்தில் கரைத்துவிடக் கூடாது. சென்னையின் சகோதரன் அமைப்பும் யுனெஸ்கோவும் சேர்ந்து தமிழ்நாட்டில் பாலின, பாலியல் சிறுபான்மை இளைஞர்களிடம் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் அடி உதை வாங்கியதாகச் சொன்னவர்கள் 60 சதவீதம். ஆரம்பப் பள்ளியிலேயே பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 43 சதவீதம். இதைப் பள்ளியில் யாரிடமாவது முறையிட்டவர்கள் 18 சதவீதமே. மூன்றில் ஒருவர், படிப்பை நிறுத்தியதற்கு இந்தத் துன்புறுத்தல் முக்கியக் காரணம் என்றார். இந்த எண்களைப் பார்த்ததும் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு ஆலோசனை கொடுக்க வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். நூற்றில் அறுபது பேரை அடித்த கைகள் எத்தனை? அவர்களும் பிள்ளைகள்தான், அதே வகுப்பில் படித்துத் தேறி, அதே ஐடிஐயில் ஃபிட்டர் படித்து, இன்று ஏதோ ஒரு லைனில் நிற்பவர்கள்தான். ஆகவே இந்தப் புத்தகங்களின் முதன்மை வாசகர் திருநங்கைகளோ திருநம்பிகளோ அல்ல. அவர்களுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள். இதை ஒப்புக்கொண்டால், 'எங்கள் பள்ளியில் அப்படி யாரும் இல்லையே, எங்களுக்கு எதற்கு' என்ற கேள்விக்கு வேலையில்லாமல் போகிறது.

முதல் ஆட்சேபம் எல்லோரும் அறிந்ததே: வாலிப வயசு, குழம்பும் வயசு, இதையெல்லாம் படித்தால் பிள்ளைகள் தாங்களும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். பெற்றோரின் இந்தப் பயத்தைக் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளை துன்பப்படக் கூடாது என்ற கவலைதான் பெரும்பாலும் அதன் அடியில் இருக்கிறது. ஆனால் நடந்ததை வைத்துப் பார்த்தால் அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. ரேவதியும் வித்யாவும் வளர்ந்தபோது தமிழில் இப்படி ஒரு புத்தகமும் கிடையாது, கையில் செல்போனும் கிடையாது. பாடப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. சினிமாவில் இருந்தது கேலி மட்டும். படிப்பதாலும் பார்ப்பதாலும்தான் ஒருவர் திருநங்கை ஆவார் என்றால் அந்தத் தலைமுறையில் ஒருவர்கூட இருந்திருக்கக் கூடாது. புத்தகம் இல்லாதது அவர்கள் யார் என்பதை மாற்றவில்லை. அவர்கள் போன வழியைத்தான் மாற்றியது: சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறி ஓடியது, யாரென்று தெரியாத ஊரில் அடைக்கலம் தேடியது, ஒழுங்கான கவனிப்பு இல்லாத இடத்தில் அறுவைக்கு உடம்பைக் கொடுத்தது. பிறகு தமிழக அரசு மருத்துவமனைகளிலேயே இலவசமாக இந்தச் சிகிச்சை கிடைக்க ஆரம்பித்தது என்றால், அதற்குப் பின்னால் இருந்ததும் தங்கள் உடம்பைப் பற்றி வாய்திறந்து பேசிய இவர்களுடைய பேச்சுத்தான். பிள்ளைகளின் உடம்பில் பெரியவர்கள் தலையிடுவதைப் பற்றி உண்மையாகவே கவலை என்றால் இன்னொரு வரலாறும் இருக்கிறது. ஆணா பெண்ணா என்று உறுப்பை வைத்துச் சொல்ல முடியாமல் பிறந்த கைக்குழந்தைகளை, கேட்காமலேயே கத்தி வைத்து ஒரு பக்கமாகத் தள்ளிவிடும் வழக்கம் இங்கே இருந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் தவிர அதைச் செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் சொல்லி, ஆகஸ்டில் தமிழக அரசு ஆணை போட்ட பிறகுதான் அதற்குத் தடை வந்தது.

அடுத்த ஆட்சேபம் வயது பற்றியது. அதில் நியாயம் இருக்கிறது. பாலியல் தொழிலும் போலீஸ் வன்முறையும் விவரமாக வரும் தன்வரலாற்றை எட்டாம் வகுப்புக் கையில் முழுசாகக் கொடுக்கச் சொல்லமாட்டேன். ஆனால் 'சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்' என்று தொடங்கும் பேச்சு நம் நாட்டில் 'ஆசிரியருக்கும் வேண்டாம்' என்று முடிந்திருக்கிறது. பள்ளிகளில் பாலின மாறுபாடுள்ள குழந்தைகளை எப்படி அரவணைப்பது என்று ஆசிரியர் பயிற்சிக்காக என்.சி.இ.ஆர்.டி. ஒரு கையேட்டை 2021இல் வெளியிட்டது. அது ஆசிரியர்களுக்கானது, மாணவர்களுக்கானதுகூட அல்ல. புகார் கிளம்பியதும் சில நாட்களிலேயே இணையதளத்திலிருந்து காணாமல் போனது. அதே ஆண்டு ஜூனில், மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு இளம்பெண்களின் வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் நேர்மாறான காரியம் செய்தார். தனக்கு இந்த விஷயம் சரியாகத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, பிறகு தீர்ப்பு எழுதினார். பள்ளி, கல்லூரிகளில் இது பற்றிய புரிதலை உண்டாக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார். உயர் நீதிமன்ற நீதிபதிக்கே பாடம் தேவைப்பட்ட விஷயத்தில் பத்தாம் வகுப்பு ஆசிரியருக்கு மட்டும் தேவையில்லை என்பது என்ன கணக்கு? அமெரிக்காவிலும் இதே சண்டை நடக்கிறது. ஆண், பெண் இரண்டிலும் அடங்காதவராகத் தம்மை உணரும் மாயா கோபாபே தம் வளர்பருவத்தைப் படக்கதையாக வரைந்த புத்தகம், அந்நாட்டு நூலகச் சங்கத்தின் பட்டியலில் 2021 முதல் 2023 வரை மூன்று ஆண்டுகளும் அதிக எதிர்ப்பைச் சந்தித்த நூல். இளைஞர்களுக்காகவே நேரடியாக எழுதும் பிரிட்டன் திருநங்கை எழுத்தாளர் ஜூனோ டாசனின் புத்தகமும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே நூலகத்தில் இருக்கும் புத்தகத்தை எடுக்கச் சொல்கிறார்கள். நமக்கு அந்தத் தொல்லையே இல்லை, வைத்தால்தானே எடுக்க! அதோடு, வல்லம் வடகால் விடுதியில் இருப்பவர்கள் ஓட்டுப் போடும் வயதினர். வயது பற்றிய ஆட்சேபம் அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறது.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2018இல் வந்த புதிய பாடநூல்களில் பதினொன்றாம் வகுப்புத் தமிழில் நாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜைப் பற்றி இடம்பெற்றது; மறு ஆண்டே அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. வகுப்பறையில் ஒரு திருநங்கையின் பெயர் மரியாதையோடு உச்சரிக்கப்பட்டதே பெரிய மாற்றம். ஆனால் சாதனையாளரை மட்டும் பாடத்தில் வைப்பதில் ஒரு வசதி நமக்கு இருக்கிறது. அவருடைய கலையைப் போற்றிவிட்டு, உடம்பைப் பற்றிய கேள்வியைத் தாண்டிப் போய்விடலாம். பரதம் ஆடத் தெரியாத, முதல் மதிப்பெண் வாங்காத, பத்மஸ்ரீ கனவெல்லாம் இல்லாத பிள்ளைக்கும் பள்ளியில் நிம்மதியாக உட்கார்ந்து படிக்க உரிமை உண்டு என்று சொல்ல சாதனைக் கதை போதாது. சின்னக் குழந்தைகளுக்கான படப்புத்தகங்களில் இதை அழகாகச் செய்திருக்கிறார்கள். சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்ட கனக் சசியின் குட்லி கதையில் எல்லோரும் பையன் என்று நினைக்கும் குழந்தைக்கு ஃப்ராக் போட ஆசை, அவ்வளவுதான் விஷயம். அறிவுரையும் இல்லை, அழுகை வியாபாரமும் இல்லை. அந்தக் குழந்தைக் கதைக்கும் 'வெள்ளை மொழி'க்கும் நடுவில், பன்னிரண்டு வயது முதல் பதினேழு வயது வரையிலானவர்களுக்கு, திருநங்கை எழுத்தாளர்களே எழுதிய தமிழ்ப் புத்தகங்கள் மிகக் குறைவு. தமிழ்ப் பதிப்பாளர்கள் இவர்களிடம் திரும்பத் திரும்பத் தன்வரலாற்றையே கேட்கிறார்கள். அது விற்கும் என்று தெரியும்.

இங்கேதான் கனமான ஆட்சேபம் வருகிறது. அது இந்த எழுத்தாளர்கள் பக்கத்திலிருந்தே வருவது. எங்கள் உடம்பை எத்தனை காலம் விளக்கிக்கொண்டே இருப்பது? வாசகர் ஆபரேஷன் பக்கத்தைத் தேடிப் புரட்டிவிட்டு மிச்சத்தை விட்டுவிடுகிறாரே? இந்தச் சலிப்பு நியாயமானது. கேலி செய்த அதே கூட்டம் இப்போது உச்சுக்கொட்டிக் கேட்கிறது என்பதால் வேடிக்கை பார்ப்பது நின்றுவிடாது. அதனால்தான் உடம்பை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்துப் பேச மறுக்கும் எழுத்தை முன்னால் வைக்க வேண்டும் என்கிறேன். வித்யா தன் உடம்பு பட்டதைச் சாதியோடு சேர்த்தே பேசியவர். தலித் திருநங்கைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு, பள்ளியில் மற்ற பிள்ளைகள் வந்த பிறகு வரவும் அவர்கள் கிளம்பும் முன் கிளம்பவும் தனக்குச் சொல்லப்பட்டதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த நேர வித்தியாசத்தில் சாதி எங்கே முடிகிறது, பாலினம் எங்கே தொடங்குகிறது என்று யாரால் கோடு கிழிக்க முடியும்? அவர் பிறகு டிப்ளமோ முடித்து, ஒரகடத்திலிருந்து அதிக தூரமில்லாத அரக்கோணத்தில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். தமிழ்நாட்டில் பொறியியல் படிப்பில் சேர்ந்த முதல் திருநங்கை என்று அறியப்பட்டார். கல்வியிலும் வேலையிலும் ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் திருநர்களுக்குக் கிடைமட்ட இடஒதுக்கீடு வேண்டும் என்று போராடுகிறார். 'திருநங்கை பிரஸ்' என்று சொந்தமாகவே பதிப்பகமும் தொடங்கினார். என்ன எழுதுவது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதைத் தாங்களே தீர்மானிக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது. இந்தத் தொழிற்பேட்டையின் டிப்ளமோ, பி.இ. பட்டாளத்துக்கு இதைவிட நெருக்கமான எழுத்தாளர் வாழ்க்கை எது?

வேலை கொடுக்காமல் புத்தகம் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. இடஒதுக்கீடும் ஹாஸ்டல் இடமும் கழிவறையும் முதலில் வரட்டும். வந்த பிறகு? கம்பெனி ஒன்று திருநங்கையை வேலைக்கு எடுத்தாலும் கேட்டில் எந்த வரிசை என்று முதல் நாளே கேள்வி வரும். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாகவே போகும். ஆணை போட்டு ஆளை உட்காரவைக்கலாம். பக்கத்தில் இருப்பவரைப் பேசவைக்க ஆணை கிடையாது. அதோடு, இந்தப் பேச்சில் எப்போதும் விட்டுப்போகும் ஒருவரும் இருக்கிறார். பெண்களுக்கென்றே கட்டிய ஹாஸ்டல்களில் பாலினச் சங்கடத்தோடு இருக்க வாய்ப்புள்ளவர் திருநங்கை அல்ல. பெண்ணாகப் பதிவாகி, தன்னை ஆணாக உணர்கிற திருநம்பி. முடியைக் குட்டையாக வெட்டியதற்கு வார்டன் கேள்வி கேட்பார், ஊரிலிருந்து மாப்பிள்ளை பார்க்கும் போன் வரும், யூனிஃபார்ம் துப்பட்டா உறுத்தும். ஓடிப்போய்ச் சேர ஜமாத் மாதிரி ஓர் அமைப்பும் பெரும்பாலும் அவருக்குக் கிடையாது. ரேவதி தம் அடுத்த ஆங்கிலப் புத்தகத்தில் திருநம்பிகள் சிலரின் வாழ்க்கையையும் பதிவுசெய்தார்; 2016இல் வந்தது. இது இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே ஆங்கிலம் வேண்டியிருக்கிறது என்பது நம் பதிப்புலகத்துக்கு அழகல்ல. திருநம்பிகள் எழுதிய தமிழ்ப் புத்தகங்கள் பெருகாதவரை இந்தக் கட்டுரையின் வாதம் பாதி வாதம்தான்.

பன்னிரண்டு மணி நேரம் ஓடிக் களைத்தவர்கள் புத்தகம் படிப்பார்களா என்று கடைசியாகக் கேட்பார்கள். படிக்கமாட்டார்கள் என்று முடிவு கட்டியவர்கள் பெரும்பாலும் கொடுத்துப் பார்க்காதவர்கள். அப்படியே இருந்தாலும், படிப்பது ஒன்றுதான் வழியா? அ. மங்கையின் இயக்கத்தில் 'வெள்ளை மொழி' மேடைக்கு வந்தபோது ரேவதியே தனி ஆளாக நடித்தார். கல்லூரி மாணவர்கள் எதிரே உட்கார்ந்து பார்த்தார்கள். சென்னையின் கண்ணாடிக் கலைக்குழு அதற்கும் முன்பிருந்தே திருநங்கைகளின் வாழ்க்கையை அவர்களே நடிக்கும் நாடகங்களாக்கியது. ஞாயிற்றுக்கிழமை மாலை விடுதி வளாகத்தில் இப்படி ஒரு நாடகம் போடுவதற்கோ, ஓர் அத்தியாயத்தை உரக்க வாசித்துப் பேசுவதற்கோ பெரிய திட்டமும் நிதியும் வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரிலேயே ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. இளைஞர் மேம்பாட்டுக்கென்றே மத்திய அரசு நடத்தும் நிறுவனம் அது. பக்கத்து ஹாஸ்டல்களில் இந்த உரையாடலைத் தொடங்கிவைக்க அதைவிடப் பொருத்தமான இடம் தேட வேண்டியதில்லை. தொழிற்சங்கங்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து சங்க உரிமை கேட்டார்கள். அந்தச் சங்க அறையில் ஓர் அலமாரி இருந்தால் அதில் மார்க்ஸும் பெரியாரும் அம்பேத்கரும் இருப்பார்கள். ரேவதியும் வித்யாவும் பக்கத்தில் இருந்தால் அவர்களில் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

பணம் எங்கே என்றால், பணம் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி தமிழ்நாட்டில் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது, ரூபாய்க்குப் பத்துக் காசு. இந்தத் தொழிற்பேட்டைக் கட்டடங்கள் கட்டும் சொத்து வரியிலும் அந்தப் பத்துக் காசு உண்டு. புத்தகத்துக்கென்றே வாங்கிய பணத்தில் புத்தகம் வாங்குவதற்கு யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. காஞ்சிபுரம் மாவட்ட நூலக ஆணைக்குழு, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் வட்டாரத்து நூலகங்களுக்கும் வல்லம் வடகால் விடுதிக்கும் இந்த எழுத்தாளர்களின் தமிழ்ப் புத்தகங்களில் பத்துப் பத்துப் பிரதி வாங்கி வைக்கட்டும். பூட்டிய பீரோவில் அல்ல, பொண்ணுங்க கைக்கு எட்டுகிற தட்டில். பள்ளிக்கல்வித் துறை மாணவர்களுக்காக நடத்தும் 'தேன்சிட்டு' இதழில் திருநங்கை, திருநம்பி எழுத்தாளர்களிடம் கேட்டு வாங்கி மாதம் ஒரு பக்கம் போடட்டும். இதைப் படிக்கும் நீங்கள் அந்தப் பகுதியில் கம்பெனி நடத்துபவராகவோ, ஹெச்.ஆரில் இருப்பவராகவோ, ஹாஸ்டலுக்குப் பொறுப்பாளராகவோ இருந்தால் அரசுக்காகக் காத்திருக்க வேண்டாம். முதல் பிரதியை வாங்குங்கள், முதலில் நீங்கள் படியுங்கள், பிறகு அலமாரியில் வையுங்கள்.